காதும் சத்தம் போடும்!

குழந்தைகளே, காது எதற்கு இருக்கிறது? "இதெல்லாம் ஒரு கேள்வியா? கேட்பதற்குத்தான்!" என்பீர்கள். சரிதான். ஆனால், அந்தக் காது தானும் சத்தம் போடும் என்று சொன்னால் நம்புவீர்களா?

நிஜமாகவே போடும். 'டிக்' என்று ஒரு சின்ன ஒலியைக் காதுக்குள் அனுப்பினால், ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் உள்ளேயிருந்து மிக மிக மெல்லிய ஒலி ஒன்று திரும்பி வரும். பக்கத்தில் இருக்கும் நண்பன் உங்கள் காதோடு காது வைத்து ஒட்டுக் கேட்டாலும் அது அவனுக்குக் கேட்காது. காதுத் துளைக்குள் பொருந்தும் குட்டி மைக் வைத்தால்தான் பிடிபடும்.

இது கிணற்றுக்குள் கத்தினால் வருகிற எதிரொலி போன்றதல்ல. கிணறு நம் குரலையே திருப்பி அனுப்புகிறது. காதோ தன் சொந்த சக்தியைச் செலவழித்து, தானே ஓர் ஒலியை உண்டாக்கி அனுப்புகிறது. உள்காதில் பழுது இருந்தால் அந்த ஒலி வராது.

இப்படி இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டிலேயே ஒருவர் சொன்னார். அவர் பெயர் தாமஸ் கோல்ட். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த இளம் விஞ்ஞானி. உள்காது முழுவதும் திரவம் நிறைந்திருக்கிறது. பியானோவைத் தண்ணீருக்குள் அமுக்கி வைத்து வாசித்தால் ஓசை எப்படி அமுங்கிப் போகும்? அப்படித்தானே காதிலும் ஒலி அமுங்க வேண்டும்? ஆனால் நமக்கு ஊசி விழுந்தாலும் கேட்கிறதே! அப்படியானால் உள்ளே ஒலியைப் பெருக்கும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அது சில சமயம் தானே ஒலி எழுப்பவும் வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். அன்றைய மைக்குகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவும் இல்லை. அவர் காதை விட்டுவிட்டு நட்சத்திர ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்!

சரியாக 30 ஆண்டுகள் கழித்து, 1978இல், லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியல் அறிஞர் அந்த ஒலியைப் பதிவு செய்து உலகுக்குக் காட்டினார்.

"சரி சார், காது சத்தம் போட்டால் நமக்கென்ன?" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சின்னஞ்சிறு சத்தம்தான் இன்று பல குழந்தைகளைப் பேச வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆடும் செல்கள்

முதலில் காதுக்குள் ஒரு சுற்றுப் போய் வருவோம். வெளியிலிருந்து வரும் ஒலி, செவிப்பறையில் மோதி அதை அதிர வைக்கிறது. அதற்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் சங்கிலி போல இருக்கின்றன. அங்கவடிதான் நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. 3 மில்லி மீட்டர் நீளம்; அரிசியில் பாதிதான்! இந்த எலும்புகள் அதிர்வை காக்ளியா என்னும் உள்காதுப் பகுதிக்குக் கடத்துகின்றன.

காக்ளியா நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும். பட்டாணி அளவுதான். சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லி மீட்டர் வரும். இதற்குள்தான் ரோமச் செல்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு செல்லின் தலையிலும் மெல்லிய ரோமம் போன்ற இழைகள் நிற்பதால் இந்தப் பெயர். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுரம் இருப்பதுபோல இங்கே ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சுருதி. நுழைவாயில் பக்கம் இருப்பவை குருவியின் கீச்சொலி போன்ற மெல்லிய, உயர்ந்த சுருதிகளுக்கு. சுருளின் உச்சியில் இருப்பவை இடி, தவில் போன்ற கனத்த ஓசைகளுக்கு.

ரோமச் செல்களில் இரண்டு வகை உண்டு. உள் வரிசையில் இருப்பவை சுமார் 3,500. இவைதான் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வெளி வரிசைகளில் இருப்பவை சுமார் 12,000. இவற்றின் வேலை வேடிக்கையானது. ஒலி வந்ததும் இவை நீண்டும் சுருங்கியும் ஆடுகின்றன! அந்த ஆட்டத்தால் மெல்லிய ஒலிகூடப் பெரிதாகிறது. 1980களில் பிரிட்டன் ஆய்வாளர் ஜொனாதன் ஆஷ்மோர், ஒரு தனிச் செல்லுக்குப் பாட்டை மின்சாரமாக மாற்றிக் கொடுத்து, அது தாளத்துக்கு ஏற்ப ஆடுவதைப் படம் பிடித்தே காட்டினார். கெம்ப் கேட்ட சத்தம் இந்த ஆட்டத்தின் சத்தம்தான்.

ஒரு கணக்கைக் கவனித்தீர்களா? கண்ணில் ஒளியை உணரும் செல்கள் 12 கோடிக்கும் மேல். காதில் எல்லாம் சேர்த்தே சுமார் 15,000. நீங்கள் பிறக்கும்போது கொடுக்கப்பட்டது அவ்வளவுதான். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாப்பாவிடம் எப்படிக் கேட்பது?

பிறந்து இரண்டு நாளான ஒரு பாப்பா. அதற்குக் காது கேட்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? "கேட்குதா?" என்றால் அது பதில் சொல்லுமா?

அந்தக் காலத்தில் வீட்டில் பாட்டிமார் தாம்பாளத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். குழந்தை திடுக்கிட்டால், "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று நிம்மதியாகிவிடுவார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாதி மட்டுமே கேட்கும் குழந்தைகூடத் தாம்பாளச் சத்தத்துக்குத் திடுக்கிடும். தரையின் அதிர்வையோ, அசையும் கையின் நிழலையோ பார்த்தும் திரும்பும். அம்மா பேசும் மெல்லிய பேச்சு அதற்குக் கேட்கிறதா என்பதைத் தாம்பாளம் சொல்லாது. இரண்டு மூன்று வயதாகியும் பேச்சு வராதபோதுதான் வீட்டில் பதறுவார்கள். அப்போதும், "அவன் தாத்தாவும் லேட்டாகத்தான் பேசினார்" என்று சொல்ல யாராவது இருப்பார்கள்!

இங்கேதான் கெம்ப்பின் கண்டுபிடிப்பு கை கொடுத்தது. குட்டி ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்த ஒரு முனையைத் தூங்கும் பாப்பாவின் காதில் மெதுவாக வைக்கிறார்கள். 'டிக் டிக்' என்று ஒலி அனுப்புகிறார்கள். காது பதில் சத்தம் போட்டால் வெளி ரோமச் செல்கள் வேலை செய்கின்றன என்று பொருள். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். பாப்பா எழுந்திருக்கக்கூட வேண்டாம். இதற்கு ஓ.ஏ.இ. பரிசோதனை என்று பெயர்.

முதல் முறை பதில் வராவிட்டால் உடனே பயப்பட வேண்டியதில்லை. பிறந்த புதிதில் காதுக்குள் மாவு போன்ற பிசுக்கு அடைத்திருக்கலாம். சில நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். அப்போதும் வராவிட்டால் 'பெரா' என்ற அடுத்த பரிசோதனை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு வில்லைகளை ஒட்டி, ஒலி மூளை வரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார்கள். காது நன்றாக இருந்து, நரம்பில் மட்டும் கோளாறு இருந்தால் அதை ஓ.ஏ.இ. காட்டாது, பெரா காட்டும்.

உலக அளவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 1 முதல் 3 பேருக்குச் செவித்திறன் குறைவு இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது நிபுணர்கள் வகுத்த கணக்கு. ஏன் இந்த அவசரம்? தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தை ஒலிகளைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த முதல் சில ஆண்டுகளில் மூளை மொழியைக் கற்றுக்கொள்ளத் தயாராகக் காத்திருக்கிறது. அந்தக் காலத்தில் எந்த மொழியும் வந்து சேராவிட்டால், பின்னால் கற்பது மிகக் கடினமாகிவிடும்.

இத்தனை எளிய பரிசோதனை நம் நாட்டில் இன்னும் எல்லா மருத்துவமனைகளிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படுவதில்லை. எனக்கு இதில் வருத்தம்தான். உங்கள் வீட்டில் புதிதாகத் தம்பியோ தங்கையோ பிறந்தால், "பாப்பாவுக்குக் காது டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று நீங்களே கேளுங்கள்.

குழந்தைகளுக்குச் செவித்திறன் குறையக் காரணங்கள் பல. பரம்பரை ஒன்று. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தால் அதற்கு வாய்ப்பு கூடும். கர்ப்பமாக இருக்கும்போது தாய்க்கு ரூபெல்லா என்ற வைரஸ் காய்ச்சல் வருவதும் ஒரு காரணம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்குத் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி போட்டார்களே, அது இதைத் தடுக்கவும்தான். அப்போது வாட்ஸ்அப் புரளியை நம்பிச் சில பெற்றோர் தயங்கினார்கள். குழந்தைப் பருவச் செவித்திறன் குறைவில் சுமார் 60 சதவீதம் தடுக்கக்கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சிப்பியும் புல்லும்

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வார்கள்? ஓரளவு கேட்கும் குழந்தைக்குக் காது மெஷின் பொருத்துவார்கள். ரோமச் செல்கள் பெரும்பாலும் பழுதாகி, மெஷினாலும் பயனில்லை என்றால் காக்ளியர் இம்பிளாண்ட்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஆஸ்திரேலியாவில் மருந்துக் கடை வைத்திருந்த ஒருவருக்குக் காது சரியாகக் கேட்காது. கடைக்கு வருபவர்கள் தங்கள் நோயைப் பற்றி உரக்கக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். கடையில் இருக்கும் எல்லாருக்கும் கேட்டுவிடும்! இதைப் பார்த்து வளர்ந்த அவருடைய மகன்தான் டாக்டர் கிரீம் கிளார்க். செத்துப்போன ரோமச் செல்களைத் தாண்டி, நரம்புக்கு நேரடியாக மின்சாரச் செய்தி கொடுக்க நினைத்தார். பாரிசிலும் அமெரிக்காவிலும் முன்பே சிலர் ஒற்றைக் கம்பி வைத்து முயன்றிருந்தார்கள். பேச்சு புரிய வேண்டுமானால் பல இடங்களில் தொட வேண்டும். நத்தைச் சுருளுக்குள் கம்பிக் கற்றையை உடையாமல் எப்படி நுழைப்பது?

1977இல் கடற்கரைக்குப் போயிருந்தபோது, சுருளான ஒரு சிப்பியை எடுத்து அதற்குள் ஒரு புல்லை நுழைத்துப் பார்த்தார். அடியில் விறைப்பாகவும் நுனியில் நெகிழ்வாகவும் இருந்த புல் சுருளுக்குள் வளைந்து வளைந்து போனது. கம்பியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று புரிந்துவிட்டது! 1978 ஆகஸ்டில் மெல்போர்ன் நகரில் முதல் அறுவை சிகிச்சை. இன்று உலகம் முழுவதும் 10 லட்சத்துக்கும் அதிகமான இம்பிளாண்டுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. விலை பல லட்ச ரூபாய். தமிழ்நாட்டில் சிறு வயதுக் குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது.

பொருத்திய உடனே குழந்தை பேசிவிடாது. முதலில் கேட்பது நம் காதில் விழும் ஒலி போல இருக்காது. இது நாய் குரைப்பது, இது அம்மா கூப்பிடுவது என்று மூளை ஒவ்வொன்றாகப் பழக வேண்டும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் பயிற்சி. அதைக் கொடுப்பவர்கள் செவியியல், பேச்சுப் பயிற்சி நிபுணர்கள். ஆடியாலஜிஸ்ட் என்பார்கள். மருத்துவம் படிக்காமலே இந்தப் படிப்புக்குப் போகலாம்; நம் நாட்டில் இவர்கள் போதுமான அளவில் இல்லை. உங்களில் யாருக்காவது ஆசை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் இம்பிளாண்ட் வேண்டும் என்பதும் இல்லை. சைகை மொழியில் பேசி, படித்து, வேலை பார்ப்பவர்கள் ஏராளம். சைகை மொழிக்கும் இலக்கணம் உண்டு; அதில் ஜோக்கும் சொல்லலாம், சண்டையும் போடலாம்! காது கேளாத ஒருவரைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுபவர்களைக் கண்டால் மட்டும் எனக்கு இன்றும் கோபம் வரும்.

கட்டா, தட்டா?

நான்காம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். கெட்டிக்காரி. கரும்பலகையைப் பார்த்து எழுதினால் ஒரு பிழை இருக்காது. 'சொல்வதை எழுதுதல்' என்றால் மட்டும் 'கட்டு' என்பதைத் 'தட்டு' என்று எழுதுவாள். 'சொல்' அவளுக்குப் 'பொல்' ஆகிவிடும். வீட்டில், "கவனம் இல்லை, விளையாட்டுப் புத்தி" என்று திட்டு. நோட்டை வரிசையாகப் புரட்டிப் பார்த்தேன். தவறெல்லாம் மெய்யெழுத்து ஓசையில்தான். உயிர் ஓசையில் ஒன்றுகூட இல்லை. உயிர் ஓசைகள் கனமானவை, எளிதில் கேட்கும். மெய் ஓசைகள் பல மெல்லியவை, உயர்ந்த சுருதி கொண்டவை. முதலில் காணாமல் போவது அவைதான். அப்பாவை அழைத்து, மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். இரண்டு காதிலும் குறைவு இருந்தது தெரிந்தது. மெஷின் போட்டு வந்த முதல் நாள், "சார், சாக்பீஸ்கூட சத்தம் போடுமா?" என்று கேட்டாள்.

உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாதவர், அடிக்கடி "என்ன? என்ன?" என்பவர், உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பவர், டி.வி.யை அலற விடுபவர். சளி பிடித்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக்கொண்டு சில வாரம் கேட்காமல் இருப்பதும் உண்டு. அது பெரும்பாலும் சரியாகிவிடும். காதில் சீழ் வடிந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சிய எண்ணெய், ஊக்கு, ஹேர்பின், கோழி இறகு எதுவும் காதுக்குள் போகவே கூடாது. காதுக் குறும்பி தானாகவே வெளியே வரும்.

கோழிக்குக் கிடைத்த வரம்

15,000 கணக்கை நினைவில் வைக்கச் சொன்னேனே, இப்போது வருவோம். கோழிக்கும் குருவிக்கும் பெருஞ்சத்தத்தில் ரோமச் செல்கள் அழிந்தால் புதிதாக முளைத்துவிடும். 1980களின் இறுதியில் இதைக் கண்டுபிடித்தார்கள். மனிதனுக்கு முளைக்காது. போனால் போனதுதான்!

ஒலியை டெசிபலில் அளப்பார்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. ஆக 90 டெசிபல் என்பது பேச்சைப்போல ஆயிரம் மடங்கு! 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெரியவர்களுக்கான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி. 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். முழு வால்யூமில் வைத்த இயர்போன் 100ஐ எளிதாகத் தொட்டுவிடும். உங்களுக்கு இதைவிடவும் குறைவாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டாசு இன்னும் மோசம். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிகளுக்கு நம் நாட்டில் தடை இருக்கிறது. ஆனால் திரியைக் கொளுத்துபவர் 4 மீட்டர் தள்ளியா நிற்கிறார்?

வெடிக்குப் பிறகு காதுக்குள் 'ஙொய்' என்று இரைகிறதா? மறுநாள் சரியாகிவிட்டால், "ஒன்றும் ஆகவில்லை" என்றுதான் வெகு காலம் நினைத்தார்கள். 2009இல் பாஸ்டனில் ஷேரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இருவர் எலிகளைப் பெருஞ்சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் கேட்கும் திறன் திரும்பிவிட்டது. ரோமச் செல்களும் பத்திரம். ஆனால் செல்லையும் நரம்பையும் இணைக்கும் நுண்ணிய இணைப்புகளில் பாதி வரை சில இடங்களில் காணோம்! இப்படி ஆனால் அமைதியான அறையில் பரிசோதனை செய்தால் எல்லாம் சரியாகவே காட்டும்; கல்யாண வீட்டு இரைச்சலில் பக்கத்தில் பேசுவது மட்டும் புரியாது. மனிதர்களிடம் இதை எப்படி அளப்பது என்பதுதான் இன்றைய செவியியல் நிபுணர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி.

நம்பிக்கையான செய்தியும் உண்டு. ஓட்டோபெர்லின் என்ற ஒரே ஒரு புரதம் இல்லாமல் பிறந்த 6 குழந்தைகளுக்கு, அதற்கான மரபணுவைச் சீன மருத்துவர்கள் உள்காதில் செலுத்தினார்கள். 5 பேருக்குக் கேட்கத் தொடங்கியது என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். இது அபூர்வமான ஒரு வகைக் குறைபாட்டுக்கு மட்டும்தான். பட்டாசிலும் இயர்போனிலும் போன செல்லுக்கு இன்னும் மருந்து வரவில்லை.

உங்களுக்கே சந்தேகம் இருந்தால் வீட்டிலோ வகுப்பாசிரியரிடமோ தயங்காமல் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். பரிசோதனை ஒரு விளையாட்டு மாதிரிதான் இருக்கும். சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டுவார்கள். 'பீப்' என்று கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். சத்தம் குறைந்துகொண்டே போகும். கேட்காததற்கெல்லாம் குத்துமதிப்பாக அழுத்திவிடாதீர்கள். அங்கே யாரும் மார்க் போட மாட்டார்கள்!